பின்வாங்காத ஒருத்தி

காலையில் இஞ்சித் தண்ணீர் குடிக்காவிட்டால் எனக்குக் குரல் எழும்பாது, மேடம். வாசலில் நிற்கிற காவலரிடம் சொல்லி வரவழைத்துக் கொடுத்தீர்களே, அதற்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. குரலை வைத்தே பிழைத்தவன் நான். நீங்கள் ஒலிப்பதிவு செய்வதால் தெளிவாகவே பேசுகிறேன். நடுவில் கேள்வி கேட்காமல் விட்டால் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுவேன். நிகழ்ச்சி நடத்திப் பழகியவனுக்குக் குறுக்கீடு பிடிக்காது.

என் பெயர் கிரிசாந்தோ. எங்கள் ஊர் சான் பெரெக்ரினோவில் சாந்தோ அண்ணன் என்றால்தான் தெரியும். குன்றின் மேல் இருக்கிற சின்ன வானொலி நிலையத்தில் காலை நிகழ்ச்சி என்னுடையது. மீன் என்ன விலை, காற்று எந்தப் பக்கம், யார் செத்தார்கள், யார் திருடினார்கள், எல்லாம் சொல்வேன். யார் திருடினார்கள் என்பதைக் கேட்கத்தான் ஜனங்கள் காத்திருப்பார்கள். மேயரின் பெயரை நான் உச்சரிக்காத நாள் அபூர்வம்.

திருட்டைச் சொல்வது சுலபம். அதைக் கண்ணால் பார்த்தவன் முன்னால் வந்து நிற்பதுதான் கஷ்டம். அப்படி நிற்கிறவர்களைக் கௌரவிக்க வேண்டும் என்று நான்தான் ஆரம்பித்தேன். ஊர்த் திருவிழாவுக்கு முந்தின நாள், மாதா கோவிலுக்கு எதிரே சதுக்கத்தில் விழா. ஊழலுக்கு எதிராக வாய் திறந்த ஒருவரை மேடையேற்றி, மல்லிகை மாலை போட்டு, அவர் பெயரைப் பித்தளை எழுத்தில் சுவரில் பதிப்போம். அந்தச் சுவருக்கு ஜனங்கள் ஆளுக்கொரு செங்கல் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் பெயரைப் படிப்பேன், கோவில் மணி அடிக்கும், சந்தைக் கூட்டம் மொத்தமும் எழுந்து நிற்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் வருஷம் முழுக்க நான் உயிரோடு இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் எங்கள் ஊரில் யாரும் கடைசி வரை நிற்க மாட்டார்கள். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

யாரையும் மிரட்டக்கூட வேண்டாம், மேடம். மேயர் உங்கள் வீட்டுப் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு வந்து ஞானத்தகப்பனாக நின்றுவிட்டால் போதும். அதோடு நீங்களும் அவரும் உறவு. ஒருவரை ஒருவர் 'கும்பாரே' என்றுதான் கூப்பிட வேண்டும். கும்பாரேவுக்கு எதிராகக் கோர்ட்டில் கை நீட்டினவனை எந்த வீட்டுப் பந்தியிலும் உட்கார வைக்க மாட்டார்கள். சாட்சி சொல்ல வேண்டியவன் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டு வந்து பன்றி வறுத்து விருந்து வைப்பான். அதற்கு என்னையும் அழைப்பார்கள். அந்தத் துணிச்சலுக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் பெயர் பதித்தது பொறியாளர் பொலிகார்பியோவுக்கு. பாலத்தில் கம்பி போடாமல் சிமெண்ட் பூசினதை வெளியே சொன்னவர். மேடையில் அழுதார், நானும் அழுதேன். மழைக்காலம் முடிவதற்குள் அவர் பேத்திக்கு மேயர் ஞானத்தகப்பன். கோர்ட்டில் போய், அன்றைக்கு நான் கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டேன் என்றார். அடுத்தது மீனவப் பெண்கள் சங்கத் தலைவி பசிலிசா. அவள் மகள் கல்யாணத்துக்கு மேயரின் மனைவி ஞானத்தாயாக முன்னால் நின்றார். நான் போய்க் கேட்டதற்கு, "வயசாச்சுல்ல அண்ணே, எல்லாம் குழம்பிப் போச்சு" என்றாள். நாற்பதுகூட ஆகவில்லை அவளுக்கு. இருவர் பெயரையும் உளி வைத்துப் பெயர்த்தவன் நான்தான். சுவரில் பள்ளம் பள்ளமாக நின்றது. சந்தைக்கு வருகிறவர்கள் அந்தப் பள்ளத்தில் சிகரெட்டை நசுக்கி அணைத்துவிட்டுப் போவார்கள்.

ஒரே ஒரு பெயர்தான் அசையவில்லை. வேளாண்மை அதிகாரி அன்செல்மோ. விதைநெல் திருட்டைக் காட்டிக்கொடுத்தவர். புகார் கொடுத்த சூட்டோடு அவரைச் சந்தையில் வைத்துச் சுட்டுவிட்டார்கள். இறந்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்கள் திருநாளில் அந்தப் பெயருக்குக் கீழே மெழுகுவர்த்தி எரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பாடுவார்கள். ஒருநாள் அந்த எழுத்துகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அன்செல்மோவுக்கு ஞானஸ்நானம் ஆகாத பேரன் ஒருவன் இருந்தான். அவர் இன்னும் ஒரு மாதம் உயிரோடு இருந்திருந்தால்? பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் நான் இதைச் சொல்லவில்லை. பாவமாகத் தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேன்.

இப்போது நொர்மிதாவுக்கு வருகிறேன்.

நகராட்சிக் கிடங்கின் சாவி அவளிடம்தான் இருந்தது. பெரும்புயலுக்குப் பிறகு, வீடு இழந்தவர்களுக்கு என்று கப்பலில் கூரைத் தகடுகள் வந்தன. ஜனங்கள் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு முழு மழைக்காலத்தைக் கழித்தார்கள். தகடுகளோ மேயருடைய தம்பியின் பன்றிப் பண்ணைக்குக் கூரையாகப் போய்விட்டன. கிடங்கிலிருந்து வண்டியில் ஏற்றினதை நொர்மிதா பார்த்தாள். கூப்பிடாமலேயே நிலையத்துக்குப் படியேறி வந்து, ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து, மூச்சுக்கூட வாங்காமல் பேசினாள்.

"புயல்ல என் கூரையும்தான் போச்சு. நான் தார்ப்பாய்க்கு அடியில படுத்துக்கிட்டு ஒழுகுற தண்ணிய வாளில புடிக்கிறேன். அங்க மேயர் தம்பியோட பன்னிங்க நனையாம தூங்குது. பன்னிக்கும் எனக்கும் ஒரு பகையும் இல்ல. ஆனா வரிசையில நான் அதுக்கு முன்னாடி நின்னேன்."

ஊரே சிரித்தது. சிரித்து முடித்த பிறகு ஊருக்கே கோபம் வந்தது. வழக்கு மேலே போனது. தலைநகரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவள் சாட்சியம்தான் வழக்குக்கு முதுகெலும்பு என்று அரசு வக்கீல் என்னிடம் சொன்னார். மற்றவர்கள் எல்லாம் கேள்விப்பட்டவர்கள். பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

நான் நகரத்துப் பட்டறையில் அவள் பெயருக்கு எழுத்து வார்க்கச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கு வைத்ததைவிடப் பெரிய எழுத்து. அதைச் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "விழாவெல்லாம் எதுக்குண்ணே? செத்துப்போனவளுக்குச் செய்ற மாதிரி." அடக்கம் என்று நினைத்தேன். நல்லவர்கள் முதலில் அப்படித்தான் சொல்வார்கள்.

பிறகுதான் பழைய கதை தொடங்கியது. அவள் மகன் ஆர்னல் கப்பல் படிப்பு முடித்தவன். பயிற்சிக்கு ஒரு கப்பல் கிடைத்தால்தான் சான்றிதழ். ஆள் எடுக்கிற முகவர் மேயரின் கும்பாரே. வழக்கு வந்த நாளிலிருந்து, இடமில்லை, அடுத்த தடவை பார்க்கலாம் என்று பையனை அலைய விட்டார்கள். ஒருநாள் மேயரின் மனைவி தேங்காய்ப்பால் அப்பம் எடுத்துக்கொண்டு நொர்மிதா வீட்டுக்கே போனார். ஆர்னலுக்குக் கோவிலில் இன்னும் உறுதிபூசுதல் சடங்கு ஆகவில்லையாமே, நான் ஞானத்தாயாக நிற்கிறேனே என்றாராம். இதை எனக்குச் சொன்னது அவள் புருஷன் ஹெனாரோ. மோட்டார் சைக்கிளில் பக்கவாட்டு வண்டி பொருத்திச் சவாரி ஓட்டுகிறவன். அப்பத்தை வாங்கினாளா என்று கேட்டேன். வீடு தேடி வந்தவங்களை எப்படிண்ணே திருப்பி அனுப்புறது என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் மேயரின் மனைவி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றதை என் கண்ணால் பார்த்தேன். நொர்மிதா தலையாட்டிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. பொலிகார்பியோ சிரித்தார், பசிலிசா சிரித்தாள். இனி நடக்கப்போவதெல்லாம் எனக்கு மனப்பாடம். திரும்பவும் உளியைத் தூக்கிக்கொண்டு நான் அந்தச் சுவருக்குப் போக வேண்டுமா? சந்தையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க? எத்தனை தடவைதான் ஒரு மனிதன் ஏமாறுவான்? நீங்களே சொல்லுங்கள்.

கோர்ட் நாளுக்கு முந்தின வாரம், நிலையத்துக்கு வந்து என்னிடம் ஒரு விஷயம் பேச வேண்டும் என்று நொர்மிதா ஹெனாரோ மூலம் சொல்லி அனுப்பினாள். மத்தியானம் மழை விட்டதும் வரச் சொன்னேன். நிலையத்தில் ஒலிபரப்புக் கருவியைப் பார்த்துக்கொள்ளும் ஆளை, மனைவிக்கு உடம்பு சரியில்லையே, போய்ப் பாருங்கள் என்று வீட்டுக்கு அனுப்பினேன். உண்மையிலேயே அந்த அம்மாவுக்குக் காய்ச்சல்தான். பொய் சொல்லி அனுப்பவில்லை.

நிலையத்துக்கு ஏறுகிற படிக்கட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செங்குத்தாக இருக்கும். மழைக்காலத்தில் பாசி பிடிக்கும். கைப்பிடிக் கம்பி போட்டதாக நகராட்சிக் கணக்கில் இருக்கிறது, படிக்கட்டில் இல்லை. அதைப் பற்றியும் வானொலியில் கத்திக் கத்தி ஓய்ந்திருக்கிறேன். அந்தக் கம்பியைப் போட்டிருந்தால் நீங்கள் இன்று இங்கே வர வேண்டியிருந்திருக்காது. இதையும் அவர்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூச்சிரைக்க ஏறி வந்தாள். அவித்த வாழைப்பழம் கொண்டுவந்திருந்தாள். ஆளுக்கு ஒன்று சாப்பிட்டோம். பையனைப் பற்றிக் கேட்டேன். அவன் இப்போது வீட்டில் இல்லை, அவளுடைய அக்கா இருக்கிற தீவுக்குப் போயிருக்கிறான் என்றாள். பிறகு தோள் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அண்ணே, நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"இப்ப சொல்லாத," என்றேன். "நாளைக்குப் பேசிக்கலாம்."

"இல்லண்ணே, இப்பவே சொல்லிடுறேன். உங்ககிட்ட சொல்லத்தான் ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல."

வாபஸ் என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்க எனக்கு மனசில்லை, மேடம். கேட்டுவிட்டால் அது நடந்ததாகிவிடும். கேட்காத வரைக்கும் அவள் பன்றியைப் பற்றிப் பேசின நொர்மிதா. வானம் திரும்பவும் இருட்டுகிறது, பேசிக்கொண்டே இறங்கலாம் என்று எழுந்தேன். அவள் முன்னால் இறங்கினாள். படி குறுகல், இரண்டு பேர் சேர்ந்து இறங்க முடியாது. பாத்துண்ணே, இந்த இடம் வழுக்குது என்று எனக்குச் சொன்னாள். அப்போது நான் அவள் முதுகில் கை வைத்தேன். பெரிய பலம் ஒன்றும் தேவைப்படவில்லை. அவள் கத்தவில்லை. ஆச்சரியப்பட்ட மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. நான் மெதுவாகவே இறங்கிப் போனேன். நானும் விழுந்துவிட்டால் யார் போய் ஆட்களைக் கூப்பிடுவது?

போலீஸிடம் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அந்தப் படியில் விழாதவர்கள் ஊரில் கிடையாது.

அதற்குப் பிறகுதான் எல்லாம் என் கையை மீறிப் போனது. நீங்கள் விசாரிக்க வந்த விஷயத்துக்கு இதுதான் காரணம் என்பதால் கவனமாகக் கேளுங்கள்.

வீட்டில் சவப்பெட்டியை வைத்து எங்கள் வழக்கப்படி நாள்கணக்கில் விழித்திருந்தார்கள். முற்றத்தில் சீட்டாட்டம், காப்பி, பிஸ்கோத்து. மேயர் பந்தல் போட்டுக் கொடுத்து, அவரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சு. பாவம், வழுக்கி விழுந்துட்டா. செருப்பு தேஞ்சிருந்துச்சாம். பகலெல்லாம் அங்கே உட்கார்ந்து இதையே கேட்டேன். எனக்கு உள்ளே கொதித்தது. வழுக்கி விழுந்தவளுக்கு யார் மணி அடிப்பார்கள்? செருப்பு தேய்ந்து செத்தவள் பெயரைச் சுவரில் போட்டால் ஜனங்கள் சிரிக்க மாட்டார்களா? மேயரும் ஒரு கிண்ணம் காப்பியைக் குடித்துவிட்டு, படிக்கட்டுக்குச் சீக்கிரம் கம்பி போட்டுவிடலாம் என்று ஹெனாரோ தோளில் தட்டினார். இதற்காகவா நான் இவ்வளவும் செய்தேன்?

நீங்கள் தலைநகர்க்காரர், உங்கள் பக்கம் இந்த வழக்கம் அற்றுப்போயிருக்கலாம். கொலையுண்டவர்களின் சவப்பெட்டிக் கண்ணாடி மேல் நாங்கள் ஒரு கோழிக்குஞ்சை விடுவோம். கொஞ்சம் சோள நொய்யும் தூவுவோம். குஞ்சு கண்ணாடியைக் கொத்தக் கொத்த, அந்தக் கொத்து கொலைகாரனின் மனச்சாட்சியில் விழும் என்பது நம்பிக்கை. நோயில் செத்தவர்களுக்கும் விபத்தில் செத்தவர்களுக்கும் அதைச் செய்ய மாட்டார்கள். கண்ணாடி மேல் குஞ்சு நின்றாலே இது கொலை என்று அர்த்தம், வேறு யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. மறுநாள் காலை நான் சந்தைக்குப் போய் ஒரு மஞ்சள் குஞ்சு வாங்கி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுவந்து, எல்லோரும் பார்க்க அவள் முகத்துக்கு மேலே இறக்கிவிட்டேன்.

சீட்டாட்டம் நின்றது. மேயர் எழுந்து வெளியே போனார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? நொர்மிதா அந்த நிமிஷத்தில்தான் அன்செல்மோவுக்குச் சமமானாள். குஞ்சு கொத்த ஆரம்பித்தது. நானும் பக்கத்திலேயே நின்று கேட்டேன். நெஞ்சில் கை வைத்துக்கூடப் பார்த்தேன், வழக்கம்போலத்தான் அடித்தது. கொலைகாரனை அது தூங்க விடாது என்பார்கள். நான் நன்றாகத் தூங்கினேன். அதனால் நான் செய்தது கொலையில் சேராது என்று ஒரு முடிவுக்கு வந்தேன். இப்போதும் அதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை.

ஹெனாரோ மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் வந்து, சத்தம் போடாமல் கேட்டான்.

"ஏண்ணே, அவ வழுக்கி விழுந்தான்னு போலீஸ்ல சொன்னது நீங்கதானே? கூட இருந்ததும் நீங்க மட்டும்தானே? அப்புறம் எதுக்குக் குஞ்சைக் கொண்டாந்து விட்டீங்க?"

அவன் குஞ்சைக் கையில் எடுத்து என்னிடமே நீட்டினான். வீட்டுக்குக் கொண்டுபோங்கண்ணே என்றான். அன்றைக்கே அவன் உங்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறான். சவாரி ஓட்டுகிறவன்தானே, இவனுக்கு என்ன தெரியப்போகிறது என்று நான் நினைத்தது தப்புதான்.

வழக்கு தள்ளுபடியாகிவிட்டது என்று நேற்று சொன்னீர்கள். சாட்சி கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு நிற்காவிட்டால் அவள் கொடுத்த புகார் செல்லாதாம். மேயர் பட்டாசு வெடித்தாராம். வருத்தமான விஷயம்தான். ஆனால் அவள் வாபஸ் வாங்கியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் நீங்கள் ஹெனாரோ சொன்னதையும் படித்துக் காட்டினீர்கள்.

என்னைப் பார்க்க வருவதற்கு முன் அன்று காலை அவள் அவனிடம் சொன்னாளாமே. மேயரின் மனைவியிடம் கோவில் வாசலிலேயே, அப்பம் நல்லா இருந்துச்சு, ஆனா என் புள்ளைக்கு ஞானத்தாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். கோர்ட்டில் பார்த்ததைச் சொல்லிவிட்டு, குடும்பத்தோடு அக்கா ஊருக்குப் போய்விடப் போகிறாளாம். சாந்தோ அண்ணனிடம்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றாளாம். "விழா வேணாம், சுவத்துல என் பேரும் வேணாம்னு சொல்லணும். பேரைப் போட்டா என் புள்ளைய எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டாங்க. அவரு ரொம்ப ஆசையா இருக்காரு. கோவிச்சுக்குவாரோன்னு பயமா இருக்கு." மேயருக்குப் பயப்படாதவள் எனக்கு எதற்குப் பயந்தாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. நான் யாரையும் கடிந்து பேசினவன்கூட இல்லை.

ராத்திரி முழுக்க இதை யோசித்தேன், மேடம். ஹெனாரோ பொய் சொல்கிறவன் இல்லை. அவள் கோர்ட்டுக்குப் போயிருப்பாள் என்றே வைத்துக்கொள்வோம். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அடுத்த படகில் ஏறி, பேர் தெரியாத ஒரு தீவில் மீன் காயவைத்துக்கொண்டு இருந்திருப்பாள். மாலை இல்லை, மணி இல்லை, சுவரில் பெயர் இல்லை. ஆமாம், நான்தான் அவளைத் தள்ளினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன், வாபஸ் வாங்க மாட்டேன். ஆனால் நான் சொல்வதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவளை அவள் போக்கில் விட்டிருந்தால், அவளுக்கு இவ்வளவு தைரியம் இருந்ததே யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.